பெட்டியில் இடமில்லை

காலையில் அலுவலகத்துக்கு வந்ததும் செங்கொடி செய்கிற முதல் வேலை குப்பை அள்ளுவது. அதற்குத் துடைப்பம் வேண்டாம், மவுஸ் போதும். அவளுடைய இலவச மின்னஞ்சல் பெட்டியில் மொத்தமே நாலு எம்பி இடம். விடிவதற்குள் இருநூறு, முந்நூறு அஞ்சல்கள் வந்து விழுந்து கிடக்கும். ஆண்மைக்கு மாத்திரை, அமெரிக்காவில் வீட்டுக் கடன், செத்துப்போன ஏதோ ஒரு தளபதியின் சொத்தில் பங்கு. வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் ஒண்டிக்கிடக்கிற பெண்ணுக்கு அமெரிக்காவில் வீடு வாங்கிக் கொடுக்க இத்தனை பேர் துடிக்கிறார்களே என்று ஆரம்பத்தில் அவளுக்குச் சிரிப்புதான் வந்தது. தம்பியின் விஷயம் நடுவில் வந்த பிறகு அந்தச் சிரிப்பு போய்விட்டது.

தம்பி நிலவன் வெல்டர். எண்ணூர்ப் பக்கம் காண்டிராக்ட் வேலையில் மூன்று வருஷமாகக் கண்ணைக் கெடுத்துக்கொண்டிருந்தான். இரண்டாயிரத்து இரண்டாம் வருஷம் சிங்கப்பூர்க் கப்பல் பட்டறை ஒன்றிலிருந்து ஆள் எடுக்க வந்தார்கள். நிலவன் போட்ட வெல்டிங்கைத் தட்டிப் பார்த்து, தடவிப் பார்த்து, நன்றாக இருக்கிறது என்று அவர்களே சொன்னார்கள். மெயில் அனுப்புவோம், வருகிறேன் என்று இரண்டு நாளுக்குள் பதில் போட வேண்டும், போடாவிட்டால் பட்டியலில் அடுத்த ஆள் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். வீட்டில் போனும் கிடையாது, கம்ப்யூட்டரும் கிடையாது. படிவத்தில் நிலவன் அக்காவின் முகவரியைத்தான் எழுதிக்கொடுத்திருந்தான்.

வேறு பெட்டி திறந்து அந்த முகவரியைக் கொடுக்கலாமே என்று அவளுக்கும் தோன்றாமல் இல்லை. மண்ணடியில் சிங்கப்பூர்க்காரர்களுக்கு ஆள் பிடித்துக் கொடுக்கிற ஏஜெண்ட் முப்பிடாதியின் ஆபீசுக்கு இரண்டு தடவை நடந்தாள். படிவம் கடல் தாண்டிப் போயாகிவிட்டது, இனி ஒரு எழுத்தையும் மாற்ற முடியாது என்று அவர் கையை விரித்துவிட்டார். அதனால் தினமும் குப்பை அள்ளினாள். ஒருநாள் விட்டாலே பெட்டி நிறைந்து அடுத்து வருகிற அஞ்சல் வந்த வழியே திரும்பிவிடும். அந்த அடுத்த அஞ்சல் சிங்கப்பூரிலிருந்து வருவதாக இருந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம்தான் அவளைத் தூங்கவிடவில்லை.

இந்தக் குப்பை அவளைத் தேடி வந்ததற்குக் காரணம் அவளுடைய முதலாளி திருமுருகன். அவருடைய அப்பா காசிமேட்டில் மீன் ஏலம் விட்டவர். மகன் சாத்தாங்காட்டில் இரும்பு குடோன் வைத்தார். ஊரில் டாட் காம் கம்பெனிகளெல்லாம் வரிசையாகக் கடையைக் கட்டிக்கொண்டிருந்த நேரம் பார்த்து, இவர் குடோன் மாடியில் ஒரு டாட் காம் திறந்தார். கப்பல் தகடு, பழைய மோட்டார், நங்கூரச் சங்கிலி, எல்லாம் இணையத்தில் ஏலம். தளத்தைக் கட்டி நடத்துகிற ஒரே ஆள் செங்கொடி. கம்ப்யூட்டரைத் தொட்டுக்கூடப் பார்க்காத மனுஷர், ஒரே ஒரு விதியை மட்டும் துறைமுகத்திலிருந்து அப்படியே தூக்கிவந்தார். மீன் ஏலத்தில் விலை கேட்டவன் பெயரை ஊருக்கே கேட்கிற மாதிரி கூவவேண்டும். பெயரில்லாமல் கேட்டால் அது கேள்வியே இல்லை. ஆகவே தளத்திலும் ஒவ்வொரு விலைக்கும் கீழே கேட்டவர் பெயரும், பெயருக்குப் பக்கத்தில் மின்னஞ்சல் முகவரியும் பளிச்சென்று நின்றன.

தொடக்கத்தில் கூட்டம் சேரவில்லை. மீன் ஏலத்தில் விலையை ஏற்றிவிட அப்பா கூட்டத்துக்குள் ஓர் ஆளை நிறுத்துவார் என்று சொல்லிச் சிரித்த திருமுருகன், இங்கே அந்த ஆளாக நீயே இரும்மா என்றார். வேலை போய்விடுமோ என்ற பயத்தில் செங்கொடி ஒத்துக்கொண்டாள். தன் பெயரிலேயே, தன் முகவரியிலேயே, வாங்கப்போகாத சங்கிலிக்கும் தகட்டுக்கும் விலை கேட்டாள். அது ஏமாற்று வேலை என்று அவளுக்கு நன்றாகவே தெரியும். இணையம் முழுக்கத் திரிந்து கண்ணில் படுகிற முகவரிகளையெல்லாம் பொறுக்கிக்கொண்டு போகிற நிரல்கள் இருக்கின்றன என்பது மட்டும் அப்போது தெரியாது. தெரியவந்தபோது அவள் முகவரி நானூறு இடத்தில் கிடந்தது.

அவள் சொல்லி முதலாளி கேட்கவில்லை. கமால் வந்து சொன்ன பிறகுதான் கேட்டார். கமால் பழைய மோட்டார் வாங்கி விற்பவர், நல்ல வாடிக்கை. அவருக்கு இங்கிலீஷ் வராது என்பதால் பிளஸ் டூ படிக்கிற மகள் சபீஹாதான் அவருடைய மெயிலைத் திறந்து படித்துக்காட்டுவாள். ஒருநாள் மாடியேறி வந்தவர் உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"ஏலம் கேட்டா இரும்பு வரணும் திரு. என் வூட்டுக்கு இன்னா வந்துகினு கீது தெர்யுமா? வாயால சொல்ல முடியாத கலீஜ் படம். எம் பொண்ணு தொறந்து பாக்குது அத்த."

பெயரை எடுத்துவிடச் சொல்லிவிட்டு இறங்கிப் போனார். அவர் பின்னாலேயே பத்துப் பதினைந்து பேர் போனார்கள். அப்போதுதான் திருமுருகன் செங்கொடியைக் கூப்பிட்டு என்ன செய்யலாம் என்று கேட்டார். யாருடைய முகவரியும் வெளியே தெரிய வேண்டாம் என்றாள் அவள். விற்கிறவரிடம் ஏதாவது கேட்பதானால் தளத்திலேயே ஒரு கட்டத்தில் எழுதட்டும், தளம் அதைக் கொண்டுபோய்ச் சேர்க்கும். ஏலம் முடிந்த பிறகு வென்றவருக்கும் விற்றவருக்கும் மட்டும் முகவரி போனால் போதும். திருமுருகனுக்கு இது பிடிக்கவில்லை. மூஞ்சியை மறைத்துக்கொண்டு விலை கேட்கிறவன் திருடன் என்றார்.

"பேரு இருக்கட்டும் சார். பேருக்குப் பக்கத்துல வூட்டு சாவிய ஏன் மாட்டி வெக்கிறீங்க?" என்றாள் செங்கொடி.

அவர் சரி என்றார். மூன்று வாரம் கீழே கேஸ் கட்டரில் தகடு அறுக்கிற சத்தத்துக்கு நடுவே உட்கார்ந்து அவள் ஒருத்தியே அதை எழுதி முடித்தாள். கமால் திரும்பி வந்தார். உன்னை நம்பித்தான் மறுபடி பேரைக் கொடுக்கிறேன்மா என்று அவளிடமே சொன்னார். ஏற்கெனவே பொறுக்கப்பட்ட அவளுடைய முகவரிக்குக் குப்பை வருவது நிற்கவில்லைதான், அது இனி எந்தக் காலத்திலும் நிற்காது. ஆனாலும் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு வேலையை ஒழுங்காகச் செய்த பெருமை அவளுக்கு இருந்தது.

அந்தப் பெருமைக்கு ஆயுசு ஒன்பது நாள். பத்தாம் நாள் வெள்ளிக்கிழமை வண்ணாரப்பேட்டையிலிருந்து விளம்பர மெயில் அனுப்புகிற ஒருவர் வந்து முதலாளியிடம் ஒரு மணிநேரம் பேசிவிட்டுப் போனார். அவர் போனதும் திருமுருகன் செங்கொடியைக் கூப்பிட்டு, எல்லா முகவரியையும் சிடியில் போட்டுக் கொடு என்றார். அவளுக்குச் சட்டென்று புரியவில்லை. புரிந்ததும், கமால் பாய் நம்பித்தானே கொடுத்தார் என்று கேட்டாள்.

"நேத்து வரிக்கும் அது தெருவுல கெடந்துச்சி, எவன் வோணா பொறுக்கினு போனான். இப்போ நம்ம கைல மட்டும்தான் கீது. இப்பதாம்மா அது சரக்கு," என்றார் திருமுருகன். அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலை இறக்கிக்கொண்டு, "உன் தம்பி மொதல்ல சிங்கப்பூர் போயி சேரட்டும். அப்பால நீ நாயம் பேசு," என்றார்.

அவர் திட்டியிருந்தால்கூட எழுந்து போயிருப்பாள். நயமாகச் சொன்னதால் உட்கார்ந்தாள். வெள்ளியும் சனியும் அந்த வேலைதான். இரட்டிப்பாய் வந்ததை நீக்கி, ஊர்வாரியாகப் பிரித்து, சிடியில் எழுதினாள். எழுதும்போது இணையத்தைத் தொட்டால் அந்த ஓட்டை மெஷின் அப்படியே நின்றுவிடும் என்பதால் சனிக்கிழமை அவள் பெட்டியைத் திறக்கவே இல்லை. நாலு சிடி பாழாய்ப் போய் ஐந்தாவதுதான் தேறியது. எழுதுவதற்கு முன்னால் பட்டியலிலிருந்து ஒரே ஒரு வரியை அழித்தாள், அது அவளுடைய முகவரி. அதற்கு நாலு வரி மேலே கமாலின் முகவரி இருந்தது. அதை அவள் பார்த்தாள், விட்டுவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பிரவுசிங் சென்டருக்குப் போய்ப் பெட்டியைத் திறந்து பார்ப்பது வழக்கம். அந்த ஞாயிறு அவளுக்கு எந்தப் பெட்டியையும் பார்க்கப் பிடிக்கவில்லை. திங்கட்கிழமை திறந்தபோது பெட்டி நிறைந்து கழுத்துவரை வந்து நின்றது. ஒவ்வொன்றாகத் தேடிப் பார்த்துவிட்டு எல்லாவற்றையும் அள்ளிப்போட்டாள். சிங்கப்பூர் இல்லை. இன்னும் வரவில்லை போலிருக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

புதன்கிழமை நிலவன் வேலை முடிந்து நேராக மண்ணடிக்குப் போய்விட்டு வந்தான். கைகூடக் கழுவாமல் வாசற்படியில் உட்கார்ந்தான்.

"சனிக்கெழம அனுப்சாங்களாம்க்கா. பெட்டில எடமில்லன்னு திரும்பிப் போச்சாம். ஞாயித்துக்கெழமயும் ஒண்ணு அனுப்சிக்கீறாங்க, அதுவும் போயிச்சாம். வேற ஆளு எட்த்துட்டாங்க." அப்புறம் நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவன்போல அவளைப் பார்த்துக் கேட்டான்: "எடமில்லாத அளவுக்கு நம்ம பெட்டில இன்னாக்கா இருந்துச்சி?"

குப்பைடா என்றாள்.

"நம்ம அட்ரஸ அவனுங்களுக்கு எவன் குட்த்தான்?"

திருமுருகனைச் சொல்லியிருக்கலாம். கண்ணுக்குத் தெரியாத நிரல்கள்மீது பழியைப் போட்டிருக்கலாம், அவனும் நம்பியிருப்பான்.

"நான்தான்டா. நானே எழுதி வெச்சேன், நானூறு எடத்துல."

அவன் கத்துவான் என்று காத்திருந்தாள். அவன் கத்தவில்லை. கருகிப்போன விரல்களையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அடுத்த வருஷமும் ஆள் எடுக்க வருவார்களாம், அதற்குள் வேறு ஒரு பெட்டி திறந்து வை என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனான்.

மறுநாளே திறந்தாள். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அந்த முகவரியை அவள் எந்த இடத்திலும் எழுதவில்லை, யாரிடமும் சொல்லவில்லை. மண்ணடிக்கு மட்டும் நேரில் போய் முப்பிடாதியிடம் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள். இப்போதும் தினமும் காலையில் முதல் வேலையாக அதைத் திறந்து பார்க்கிறாள். பெட்டி சுத்தமாக இருக்கிறது. இரண்டு வருஷமாகிறது, அதில் ஒரு அஞ்சல்கூட வரவில்லை.