கோணல் இலைக்கு இயக்குநர் பெயர்

இதனால் சகல ஜீவராசிகளுக்கும், குறிப்பாக இலை தின்று பிழைப்பவற்றுக்கும் அறிவிப்பது என்னவென்றால்: பத்துக் கோடி ஆண்டுகளாகப் பெயரில்லாமல் கல்லுக்குள் கிடந்த ஓர் இலைக்குப் பெயர் கிடைக்கப்போகிறது.

கல்லைப் பிளந்து எடுத்தவள் இலைக்காரி. அருங்காட்சியகத்தின் பின்கட்டில் அவளுக்கு அதுதான் பெயர். போன முறை அவள் கண்டெடுத்த இலையை அருங்காட்சியக இயக்குநர் தான் கண்டதாகக் கட்டுரை எழுதி வெளியிட்டார். கட்டுரைக் கடைசியில் மறக்காமல் நன்றியும் சொன்னார், ஜீப் டிரைவருக்கு. அன்றிலிருந்து அவளுக்கு வயிறு எரிந்துகொண்டிருந்தது.

இம்முறை அவளே அவர் அறைக்குப் போனாள்.

"சார், இது புதுப் பேரினம், தெரிஞ்ச எந்தத் தாவர வகையிலயும் சேரல. உங்க பேரையே வைக்கலாம்னு இருக்கேன்."

இயக்குநர் நாற்காலியில் ஒரு சுற்றுப் பெருத்தார். "எனக்கு எதுக்கும்மா இதெல்லாம்? சரி, எழுத்துப்பிழை இல்லாம வை."

செய்தி கேட்டு, பின்கட்டில் கல் இலைகளைப் படம் எடுப்பவன் பதறி ஓடிவந்தான். "அக்கா, புத்தி கெட்டுப்போச்சா? அந்த ஆளுக்கா?"

"அட போப்பா. தன் பேரைத் தானே வெச்சுக்கிட்டா எங்க தொழில்ல காறித் துப்புவாங்க. இலையில அவர் பேரு இருந்தா, கட்டுரையில இருக்க முடியாது. வெச்சது யாருன்னு என் பேரு மட்டும்தான் நிக்கும்."

"அடிப்பாவி அக்கா!"

"இன்னும் இருக்கு, கேளு" என்று விளக்கத்தைப் படித்தாள். "அடி கோணல். நுனி மழுங்கல். நடுநரம்பு பாதியிலேயே தளர்கிறது. பக்க நரம்புகள் ஒழுங்கின்றி அலைந்து, விளிம்பை எட்டாமலே ஓய்ந்துவிடுகின்றன. பூச்சி அரித்த ஓட்டைகள் ஏராளம்."

பூக்கும் தாவரங்களின் ஆதிகால இலைகள் பலவும் அப்படித்தான். ஒரு சொல்கூடப் பொய்யில்லை. ஆனால் எழுதும்போது அவள் கண்முன் நின்றது இலையல்ல.

கட்டுரை வெளிவந்தது. இயக்குநர் இலையின் படத்தைக் கதவளவு பெரிதாக்கி அறையில் மாட்டினார். வருவோர் போவோரிடமெல்லாம், "என் ஜாடை தெரியுதா?" என்று கேட்டார். தெரிகிறது என்று இலைக்காரி மனமாரச் சொன்னாள். பிறகு தன் மேசைக்குப் போய், பேரினத்தின் பெயருக்குப் பக்கத்தில், வைத்தவர் என்று தனியாக நின்ற தன் பெயரைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள்.

இரண்டு மாதத்தில் அந்தப் பேரினப் பெயர் தள்ளுபடியானது, பக்கத்தில் நின்ற அவள் பெயரோடு சேர்த்து. முதலில் வைத்த பெயர்தான் செல்லும். அதே இலைக்கு வேறெங்கோ ஒருவர் முன்பே பெயர் வைத்திருந்தார்.