இறக்கி வைக்க முடியாத வண்டி

அவனுக்கு ஸ்பீடு என்று பெயர் வைத்தது அவனுடைய தாய்மாமன். கூட்டத்திலேயே ஆமை மாதிரி நடக்கிறவன் அவன் ஒருவன்தான் என்பதால் வைத்த பெயர். கூட்டம் என்றால் ஏதோ பெரும் படை இல்லை. சுமை தூக்கும் நாலு பேர், அவ்வளவுதான். மேஸ்திரியாக மாமன், வயிற்றை முன்னால் அனுப்பிவிட்டுப் பின்னால் வருகிற பானை, உப்புக்குப் பெறாத விஷயத்துக்கும் சட்டம் பேசுகிற வக்கீல், அப்புறம் ஸ்பீடு. இரண்டு தடித்த கழிகள், நாலு முனை, முனைக்கு ஒரு தோள். பீரோவானாலும் இரும்புப் பெட்டியானாலும் கயிற்றைப் போட்டுக் கட்டி, கழியைக் கொடுத்துத் தூக்கிவிடுவார்கள். மோட்டார் சைக்கிள் விற்கிற ஷோரூமுக்கு லாரியில் வருகிற புது வண்டிகளைப் படியேற்றி வைப்பதும் அவர்கள் வேலைதான்.

அப்படி ஏற்றி வைத்ததில் ஒரு வண்டி அவன் மனதில் ஏறி உட்கார்ந்துகொண்டது. கறுப்பு நிறம், வட்ட விளக்கு, குட்டி யானையின் முதுகு மாதிரி டேங்க். அந்த ரகத்தில் எத்தனையோ வண்டிகளைத் தோளில் தூக்கியிருக்கிறான். ஒன்றில்கூட உட்கார்ந்ததில்லை. ஓட்டத் தெரியாமல் இல்லை. தண்ணீர் கேன் போடுகிறவரின் ஓட்டை வண்டியில் ஞாயிற்றுக்கிழமைதோறும் கூலி வாங்காமல் கேன் போட்டுக் கொடுத்தே ஓட்டப் பழகினான். கேன்களோடு அந்த வண்டியை ஓட்டியவன் புயலில் தோணியும் ஓட்டலாம். பணத்தை எப்படிச் சேர்த்தான், எதையெல்லாம் தின்னாமல் விட்டான் என்பது பெரிய கதை, சொல்லப்போனால் வயிறுதான் எரியும். வாங்கிவிட்டான் என்பதோடு விட்டுவிடுவோம்.

இங்கே கூட்டத்தின் சட்டத்தைச் சொல்லியாக வேண்டும். ஒருவன் ‘தோளு’ என்று குரல் கொடுத்து, மற்றவர்கள் ‘ஆச்சு’ என்று தூக்கிவிட்டால் அது சரக்கு. சரக்குக்கு உரியவர் வந்து, உள்ளங்கையால் அதை இரண்டு தட்டுத் தட்டி, ‘சேர்ந்துச்சு’ என்று சொல்லும்வரை அது தரையில் படக் கூடாது. யார் தட்டுகிறாரோ அவருடையது சரக்கு. சுமக்கிறவன் தட்டக் கூடாது. தட்டலாம் என்று வைத்தால் ஊரிலுள்ள பீரோ எல்லாம் பானை வீட்டில்தான் இருக்கும். முன்னொரு காலத்தில் யாரோ ஒரு பெட்டியைத் தட்டாமலே வாசலில் இறக்கிவிட்டு வர, பெட்டி காணாமல் போய், பழி கூட்டத்தின் தலையில் விழுந்தது. பெட்டியைவிடப் பழிதான் கனம் என்பார் மாமன். அன்றிலிருந்து அந்தச் சட்டத்தில் ஒரு புள்ளிகூட மாறவில்லை.

வண்டி எடுக்கிற அன்றைக்கு நாலு பேரும் வேலையிலிருந்து நேராக, கழியும் கயிறுமாக ஷோரூமுக்கு வந்துவிட்டார்கள். விற்பனைப் பையன் சாவியைக் கொடுத்தான், கைதட்டினான், படம் பிடித்தான். தலைக்கவசத்தை அவனே மாட்டிவிட்டான். வாசலில் நாலு படி. படிமேல் போடுகிற சாய்பலகை அன்றைக்குக் காலையில்தான் உடைந்து போயிருந்தது. புதுப் பலகை வரும்வரை உட்காருங்கள் என்றான் பையன். உட்காருவதாவது. ஸ்பீடுக்குக் காலும் ஓடவில்லை, கையும் ஓடவில்லை. கயிற்றைப் போட்டான், கழியைக் கொடுத்தான், முன்முனையில் தோளை வைத்தான். வாய் பழக்கதோஷத்தில் குரல் கொடுத்துவிட்டது.

“தோளு.”

“ஆச்சு,” என்றது கூட்டம்.

படி இறங்கித் தெருவுக்கு வந்ததும், சரி, இறக்குங்கள் என்றான் ஸ்பீடு. யாரும் இறக்கவில்லை.

“யாரு தட்டுறது?” என்று கேட்டார் மாமன்.

ஸ்பீடு சிரித்தான். மாமன் சிரிக்கவில்லை. பின்முனையிலிருந்து வக்கீல் விளக்கம் கொடுத்தான். உருட்டிக்கொண்டு வந்திருந்தால் அது வண்டி. குரல் கொடுத்துத் தூக்கியதால் இப்போது சரக்கு. சரக்குக்கு உரியவன் ஸ்பீடு. சுமக்கிறவனும் ஸ்பீடு. சுமக்கிறவன் தட்டக் கூடாது. ஆகவே சரக்கு தரை சேர வழியில்லை.

“அப்ப நான் சுமக்கல. தோளை எடுத்துக்கறேன்.”

“எடு,” என்றார் மாமன். “நாலுல ஒரு தோள் போனா வண்டி குப்புற விழும். விழட்டுமா?”

ஸ்பீடு டேங்க்கைப் பார்த்தான். அவன் முகம் அதில் பளபளவென்று தெரிந்தது. தோளை எடுக்கவில்லை.

விற்பனைப் பையனைக் கூப்பிட்டுத் தட்டச் சொன்னார்கள். அவன் படித்தவன், உஷாரானவன். விற்ற வண்டியைத் தட்டித் திரும்ப வாங்கிக்கொண்டால் முதலாளி தோலை உரித்துவிடுவார் என்று கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டான். வேறு வழி இல்லாமல் வீட்டைப் பார்த்து நடந்தார்கள். அம்மா தட்டுவாள், முடிந்தது கதை என்று நினைத்தான் ஸ்பீடு.

நாலு பேர் தோளில் ஒரு புது வண்டி தெருவில் போனால் சேதிக்குக் கால் முளைக்காதா? தட்டினால் தட்டியவருடையது என்பது அந்த வட்டாரத்துக்கே தெரிந்த சட்டம். டீக்கடைக்காரர் கையைத் துடைத்துக்கொண்டு இறங்கி வந்தார். வாழ்க்கையில் யாருக்கும் ஒரு உதவி செய்தறியாத அவன் வாடகை வீட்டுக்காரர், பாவம் பையன் கஷ்டப்படுறான் என்று சொல்லிக்கொண்டே பக்கத்தில் நடந்து வந்தார். அவர் வலது கை மட்டும் தூக்கத்தில் வருகிற மாதிரி தானாக மேலே எழும்பியது. ஸ்பீடு தலைக்கவசத்தால் அவரை முட்டித் தள்ள வேண்டியிருந்தது. தண்ணீர் கேன் அண்ணன் நியாயமாகப் பேசினார்.

“தம்பி, நான் தட்டிக்கறேன். ஞாயித்துக்கிழமை மட்டும் உனக்கு.”

“ஏற்கெனவே அப்படித்தானேண்ணே இருக்கு,” என்றான் ஸ்பீடு.

முச்சந்தியில் போக்குவரத்துப் போலீஸ்காரர் கையைக் காட்டி நிறுத்தினார். ஒருவன்தான் தலைக்கவசம் போட்டிருக்கிறான், மற்ற மூன்று பேருடையது எங்கே என்று கேட்டார். நாங்கள் ஓட்டவில்லையே, தூக்குகிறோம் என்றான் பானை. அப்படியானால் இவன் மட்டும் ஏன் போட்டிருக்கிறான் என்று கேட்டார். வண்டியின் சக்கரம் சாலையில் படவே இல்லை, படாத வண்டி வண்டியே இல்லை என்று வக்கீல் எடுத்து விளக்கினான். போலீஸ்காரர் குனிந்து சக்கரத்துக்கு அடியில் பார்த்தார். கையை விட்டுத் துழாவியும் பார்த்தார். பிறகு நிமிர்ந்தபோது அவர் உள்ளங்கையும் டேங்க்கை நோக்கி நீண்டது. நாலு பேரும் ஓட்டமும் நடையுமாகத் தப்பினார்கள்.

அம்மா தெருக்கோடி இஸ்திரிக் கடையில் வேலை பார்த்தாள். கரிப்பெட்டியைத் தூக்கித் தூக்கி வலது கை உலக்கை மாதிரி உருண்டிருக்கும். ஊர்வலம் வருவதைப் பார்த்தும் அவள் கை நிற்கவில்லை.

“என்னடா இது, பொணத்தத் தூக்கிட்டு வர்ற மாதிரி வர்றீங்க?”

ஸ்பீடு மூச்சு வாங்கியபடி நடந்ததைச் சொன்னான். மாமன் தன் பங்குக்கு, சட்டம் சட்டம்தான், அக்கா மகனென்று பார்க்க முடியாது என்றார்.

“ரெண்டு தட்டுத் தட்டி, சேர்ந்துச்சுன்னு சொல்லும்மா. அவ்வளவுதான்.”

“தட்டுனா யாருது?”

“பேருக்கு உன்னுது.”

“பேருக்கு என்னடா பேருக்கு. தட்டுறேன். நாளைக்குக் காலையில முத வேலையா வித்துடுவேன். சம்மதமா?”

மிரட்டல் இல்லை அது. செய்யாததை அம்மா சொன்னதே கிடையாது. அவள் அண்ணன் மகன் ஒருவன் இதே மாதிரி கறுப்பு வண்டியில் போய், இன்றைக்கும் காலில் இரும்புக் கம்பியோடு நடக்கிறான். இந்த வயிற்றில் பிறந்தது ஒன்றே ஒன்று, அதையும் ரோட்டில் தேய்க்கக் கொடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு அடுத்த சட்டையை விரித்தாள்.

ஆகவே நின்றார்கள். வெயில் உச்சியிலிருந்து மேற்கே சரிந்தது, அவர்கள் சரியவில்லை. பீரோக் கடைக்காரர் மத்தியானத்திலிருந்து ஒரு பீரோவை வைத்துக்கொண்டு இவர்களுக்காகக் காத்திருப்பதாக ஆள் அனுப்பினார். கையில் சரக்கு இருக்கும்போது வேறு சரக்கைத் தொட முடியாது என்று சொல்லி அனுப்பினார் மாமன். பானைக்கு அரிக்கிற இடமெல்லாம் வக்கீல் சொறிந்துவிட்டான். இஸ்திரிக் கடை முதலாளி, கடைக்குள் கொடியில் இடமில்லை என்று தேய்த்த சட்டைகளைக் கொண்டுவந்து ஹேண்டில்பாரில் வரிசையாக மாட்டினார். சும்மாதானே நிக்குது என்றார். துணி வாங்க வந்தவர்கள் வண்டியிலிருந்தே சட்டையை எடுத்துக்கொண்டு போனார்கள். ஒரு அம்மாள், இங்கே இப்படிப் புதுசாக ஸ்டாண்டு வைத்தது நல்ல வசதி என்று முதலாளியைப் பாராட்டினாள்.

அதைக் கேட்டதும் ஸ்பீடுக்குள் ஏதோ அறுந்தது. சட்டை மாட்டவா வாங்கினான்? இப்படியே போனால் நாளைக்குத் தோளில் தூக்கிக்கொண்டே வேலைக்குப் போவார்கள். மறுநாளும் போவார்கள். கீறல் விழாத வண்டி என்றென்றைக்கும் கீறல் விழாமலே அவன் தோளில் இருக்கும். விழுந்து, நசுங்கி, விளக்கு உடைந்து கிடந்தாலும் தரையில் கிடக்கிற வண்டியை ஓட்டலாம். தோளில் இருக்கிற வண்டியை எவன் ஓட்டுவான்?

“மாமா, நான் தோளை எடுக்கப் போறேன்.”

“யோசிச்சுத்தான் சொல்றியா? சரக்கு இருக்கும்போது தோளை எடுத்தவன் திரும்பக் கழியில தோள் வைக்க முடியாது. அக்கா மகன்னு பார்க்க மாட்டேன்.”

“தெரியும் மாமா.”

“வண்டியும் போகும், வேலையும் போகும்.”

“போனதுல என்ன மிஞ்சுதோ அதை ஓட்டிக்கறேன். எல்லாரும் காலைப் பாத்துக்குங்க.”

மாமன் முகம் கறுத்தது. சொன்னதைச் செய்கிற குணம் அம்மாவிடமிருந்து அவனுக்கும் வந்திருந்தது. குனிந்தான், தோளை உருவினான்.

முன்பக்கம் சட்டென்று சரிந்தது. சட்டைகள் ஒவ்வொன்றாக வழுக்கி விழுந்தன. பானை கடவுளைக் கூப்பிட்டான். ஸ்பீடு கண்ணை மூடிக்கொண்டான். உடைகிற சத்தம் வரும் என்று காத்திருந்தான். வரவில்லை.

கண்ணைத் திறந்தால், முன்முனையில் அம்மா நின்றாள். இஸ்திரிப் பெட்டி மேசையில் நிமிர்ந்து நின்றது. விரித்திருந்த சட்டைகூடத் தீயவில்லை. சுமை தூக்குகிறவன் மகளாகப் பிறந்து, சுமை தூக்குகிறவனுக்கு அக்காவாக வளர்ந்தவள் அவள். வண்டியை அவளுக்குப் பிடிக்காது, பிடிக்காததுதான். ஆனால் கண் முன்னால் ஒரு சுமை சாய்வதைப் பார்த்துக்கொண்டு நிற்க அந்த உடம்புக்குத் தெரியாது. தோளைக் கொடுத்த வேகத்தில் வாயிலிருந்து அந்தச் சொல்லும் வந்துவிட்டது.

“ஆச்சு.”

எல்லோரும் வக்கீலைப் பார்த்தார்கள். வக்கீல் தொண்டையைச் செருமினான். அக்கா ஆச்சு சொன்னதால் அக்கா கூட்டத்தில் சேர்ந்தாயிற்று. ஸ்பீடு தோளை எடுத்ததால் கூட்டத்திலிருந்து போயாயிற்று. சுமக்காதவன் உரியவனாக இருக்கத் தடை ஏதும் இல்லை.

பின்னாலேயே வந்திருந்த வீட்டுக்காரரின் கை மறுபடி எழும்புவதற்குள் ஸ்பீடு பாய்ந்தான். டேங்க்கில் படார் படார் என்று இரண்டு தட்டு. “சேர்ந்துச்சு” என்று கத்தினான்.

இறக்கினார்கள். சக்கரம் இரண்டும் மண்ணில் பதிந்தன. கயிற்றை அவிழ்த்து, கழியை உருவிய மாமன் அக்காவைப் பார்க்கவே கூச்சப்பட்டார். சட்டம் என்று வந்தபிறகு பார்க்காமல் முடியுமா?

“அக்கா, பீரோ ஒண்ணு காத்திட்டிருக்கு.”

அம்மா தோளைத் தடவிக்கொண்டாள். கழியை வாங்கி, முனையில் கையை வைத்துத் தூக்கிப் பார்த்து எடை நிதானித்தாள்.

“இதுக்குப் போயாடா இத்தனை வருஷம் முக்கிட்டு இருந்தீங்க? அந்த இஸ்திரிப் பெட்டியே இதைவிடக் கனம்.”

அப்படியானால் இந்தத் துணியையெல்லாம் யார் தேய்ப்பது என்று இஸ்திரிக் கடை முதலாளி அலறினார். அம்மா மகனைக் கண்ணால் காட்டினாள். நாளையிலிருந்து வருவான், பட்டுத் துணியை மட்டும் அவனிடம் கொடுக்காதீர்கள் என்றாள். பிறகு மகனிடம் திரும்பினாள்.

“ஒரு சுத்து சுத்திட்டு வா. நிக்கிறப்ப காலை நல்லா ஊனிக்க. கீழ விழுந்த, கொன்னுடுவேன்.”

ஸ்பீடு ஏறி உட்கார்ந்தான். சாவியைத் திருப்பினான். வண்டி உறுமியது. டீக்கடையைத் தாண்டினான், முச்சந்தியைத் தாண்டினான். போலீஸ்காரர் இந்தத் தடவை குனிந்து பார்க்காமலே சல்யூட் வைத்தார். கேன்கள் இல்லாத பின்சீட்டும் சுமை இல்லாத தோளும் அவனுக்கு விசித்திரமாக இருந்தன. சாலை அவனுக்குக் கீழே ஓடியது, காற்று தலைக்கவசத்துக்குள் புகுந்து காதைப் பிடித்துத் திருகியது. வாய் விட்டுச் சிரித்தான். யாரும் கேட்கவில்லை என்பதால் மறுபடியும் சிரித்தான்.

சுற்றிக்கொண்டு தன் தெருவுக்குள் திரும்பியபோது எதிரே தெருவை அடைத்துக்கொண்டு ஒரு பீரோ வந்தது. முன்முனையில் அம்மா. அவள் வைத்த நடைக்கு ஈடுகொடுக்க முடியாமல் மாமன் நாக்குத் தள்ள ஓடிவந்தார். பானையும் வக்கீலும் பேச்சு மூச்சில்லாமல் பின்னால் இழுபட்டார்கள். ஸ்பீடு ஆசையாக ஹார்னை அடித்தான்.

அம்மா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

“சரக்கு வருது. ஓரமாப் போப்பா.”

அவன் வண்டியை ஓரங்கட்டி, காலை ஊனி, பீரோ போகும்வரை நின்றான்.