நர்சம்மா வண்டி

நர்சம்மாவுக்கு வந்திருப்பது மருந்தில்லாத நோய் என்று டாக்டர் சொன்ன அன்று, அவள் புருஷன் சலூன்காரர் வீட்டுக்கு வந்ததும் செய்த முதல் வேலை, மாடிப்படிக்குக் கீழே கிடந்த அவளுடைய பழைய மோட்டார்சைக்கிளை வெளியே இழுத்ததுதான்.

அதற்குக் காரணம் இருந்தது. ஆஸ்பத்திரி வாசலில் டாக்சிக்காக நின்றுகொண்டிருந்தபோது யாரோ ஒருவர் மோட்டார்சைக்கிளை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போனார். அது தெருமுனை திரும்பும் வரை நர்சம்மா பார்த்துக்கொண்டிருந்தாள். "இன்னும் ஒரே ஒரு தடவை நம்ம வண்டியில போனா நல்லா இருக்கும்" என்றாள். அவ்வளவுதான். முதலில் கை, பிறகு கால், பிறகு பேச்சு, கடைசியில் மூச்சு என்று ஒவ்வொன்றாகக் கைவிடும், ஆனால் புத்தி மட்டும் தெளிவாகவே இருக்கும் என்று டாக்டர் விளக்கியபோது சலூன்காரர் தலையாட்டிக்கொண்டே இருந்தாரே தவிர, ஒன்றும் காதில் ஏறவில்லை. வண்டி என்ற சொல் மட்டும் ஏறியது. தன்னால் செய்ய முடிகிற காரியம் என்று அன்றைக்கு அவர் கேட்டது அது ஒன்றைத்தான்.

ஊரில் பாதிப் பேரை இந்த உலகத்துக்கு எடுத்துப்போட்டவள் நர்சம்மா. பிரசவ வலி என்று ஆள் வந்தால் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வண்டியை ஒரே உதையில் கிளப்பிவிடுவாள். கல்யாணமான புதிதில், புருஷனைப் பின்னால் உட்காரவைத்து அவள் ஓட்டிக்கொண்டு போவதைப் பார்த்து ஊரே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. "என்ன சலூன், கெட்டியாப் பிடிச்சுக்கிட்டியா?" என்று கேட்காதவர் இல்லை. அவர் கெட்டியாகத்தான் பிடித்துக்கொண்டிருந்தார். வண்டி ஓட்ட அவருக்குத் தெரியாது. கற்றுக்கொள்ளத் தோன்றியதும் இல்லை. பிற்பாடு அவள் வசதிக்காக ஸ்கூட்டருக்கு மாறியபோது, பழைய வண்டி படிக்குக் கீழே போனது. அப்புறம் அதை எலியும் சிலந்தியும்தான் பார்த்துக்கொண்டன.

முன்னறையில் சோபாவை ஓரம் தள்ளி, நியூஸ்பேப்பர் விரித்து, நடுவீட்டில் வண்டியை நிறுத்தினார். அக்காவைப் பார்த்துக்கொள்ள மூட்டை முடிச்சோடு வந்திருந்த நர்சம்மாவின் தங்கை, கையில் காய் நறுக்கும் கத்தியோடு வந்து நின்றாள். எல்லாரும் அவளைச் சின்னவள் என்றுதான் கூப்பிடுவார்கள்.

"அத்தான், உங்களுக்குப் புத்தி கித்தி பிசகிடுச்சா? அங்க அக்கா நோயில விழுந்து கிடக்குறா, நீங்க இரும்பைக் கொண்டாந்து கூடத்துல வெச்சிருக்கீங்க!"

"அவ கேட்டாம்மா."

"அவ நாளைக்கு ஏரோப்பிளேன் கேப்பா. அதையும் கொண்டாந்து நிறுத்துவீங்களா?"

அவர் பெட்ரோல் டேங்கின் மூடியைத் திறக்கப் போராடிக்கொண்டிருந்தார்.

எஞ்சின் இறுகிப்போயிருந்தது. கிக்கரின் மேல் ஏறி நின்று குதித்தாலும் அது அசையவில்லை. பிளக்கைக் கழற்றி எண்ணெய் ஊற்றி ஊறவைத்தார். மறுபடி ஏறிக் குதித்தார். கத்தரிக்கோல் பிடித்துப் பழகிய கை ஸ்பானருக்கு வளையவில்லை. போல்ட்டின் முனைகளை மழுக்கினார், விரல் முட்டிகளைச் சிராய்த்துக்கொண்டார், சுத்தியலால் தட்டுகிறேன் என்று சிலிண்டரைச் சுற்றியிருந்த இறக்கைத் தகடு ஒன்றை உடைத்தார். உதிரிபாகக் கடைக்காரர் வண்டியின் பெயரைக் கேட்டதும் சிரித்தார். "இதுக்கு பிஸ்டன் தேடுறதுக்கு, புது வண்டியே செஞ்சுடலாம்ண்ணே." கடைசியில் லேத் பட்டறைக்காரர்தான், வேறு ஏதோ வண்டியின் பிஸ்டனைக் கடைந்து, சிலிண்டருக்குப் புதிதாக உறை போட்டுப் பொருத்தித் தருவதாக ஏற்றுக்கொண்டார்.

இதற்குள் நர்சம்மாவின் கைகள் போயிருந்தன. டம்ளரைப் பிடிக்க முடியாது. கால்கள் அதைவிட வேகமாகப் போய்க்கொண்டிருந்தன. பேச்சு குழற ஆரம்பித்திருந்தது. சலூன்காரர் மதியமே கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்கு ஓடிவருவார். உள்ளறைக்குள் எட்டிப்பார்த்து, "எப்படி இருக்கே?" என்பார். அவள் பதில் சொல்லி முடிப்பதற்குள் கால் தானாக முன்னறைக்குத் திரும்பிவிடும். அந்தக் கட்டிலின் பக்கத்தில் அவரால் உட்கார முடியவில்லை. வண்டியின் பக்கத்தில் எத்தனை நேரமும் உட்கார முடிந்தது. அவள் தேய்ந்துகொண்டே போனாள். வண்டியோ வளர்ந்துகொண்டே வந்தது. இரண்டில் எது முந்தும் என்ற ஒன்றைத் தவிர வேறு நினைப்பே அவருக்கு இல்லை.

ஒருநாள் மதியம் சின்னவள் கடைக்குப் போயிருந்தாள். சலூன்காரர் துளைபோடும் மெஷினில் கம்பி பிரஷ்ஷை மாட்டி, சட்டத்தின் துருவைச் சுரண்டிக்கொண்டிருந்தார். அறையெல்லாம் செந்தூள். காதைக் கிழிக்கும் சத்தம். மெஷினை நிறுத்தியபோது, உள்ளறையிலிருந்து வேறொரு சத்தம் வந்தது. ஓடினார். நர்சம்மா தலையணையிலிருந்து சரிந்து, உதடு நீலம் பாரித்து, தொண்டையில் எச்சில் அடைத்துத் திணறிக்கொண்டிருந்தாள். அவளைத் தூக்கிச் சாய்த்து முதுகில் அறைந்தார். "அம்மாடி, அம்மாடி" என்பதைத் தவிர வாயில் வேறு சொல் வரவில்லை. எப்படியோ அடைப்பு விலகி மூச்சு வந்தது.

வெகுநேரம் கழித்து அவள் சொன்னாள், சொல் சொல்லாக. "கூப்... பிட்டேன். நீங்க... வரல."

சலூன்காரர் நேராகப் போய்ப் பழைய இரும்புக்காரரைக் கையோடு கூட்டிவந்தார். "எல்லாத்தையும் அள்ளிட்டுப் போயிடுங்க. சல்லிக்காசு வேணாம். இது என் கண்ணுல படக்கூடாது" என்றார். இரும்புக்காரர் முன்சக்கரத்தைத் தூக்கியபோது உள்ளேயிருந்து நர்சம்மாவின் குரல் வந்தது. என்ன சொல்கிறாள் என்று புரியவில்லை. அதற்குள் கடையிலிருந்து திரும்பியிருந்த சின்னவள் போய்க் கேட்டுவிட்டு வந்தாள். அவள் முகம் ஒரு மாதிரி இருந்தது.

"தன்னையும் சேர்த்து இரும்புக்காரர் வண்டியில ஏத்திவிடச் சொல்றா. பழைய சாமான் எல்லாம் ஒண்ணாப் போகட்டுமாம்."

சலூன்காரர் உள்ளே போனார். கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தார்.

"அது போயிட்டா," என்றாள் நர்சம்மா, ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு வாங்கிக்கொண்டு, "நீங்க எங்க போய் ஒளிவீங்க?"

இத்தனை நாளும் அவளுக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

"பயமா இருக்கு" என்றார். "உன் பக்கத்துல உக்காந்தா எனக்குப் பயமா இருக்கு."

"எனக்கு மட்டும்... ஜாலியாவா இருக்கு?" அவள் கண்ணிலிருந்து நீர் வழிந்து காதுக்குள் போனது. துடைத்துக்கொள்ள அவளால் முடியாது. அவர் துடைத்துவிட்டார். "கட்டிலைத் தூக்கி... அங்க போடுங்க. என் கண்ணு முன்னால... ஒளிஞ்சுக்கோங்க."

இரும்புக்காரர் தூக்கிய சக்கரத்தை இறக்கிவைத்துவிட்டு, கட்டிலுக்கு ஒரு கை கொடுத்துவிட்டுப் போனார்.

அதன்பிறகுதான் வேலை வேலையாக நடந்தது. நர்சம்மாவுக்கு அந்த வண்டியின் உள்குடல் தெரியும். வாஷரை மாற்றிப் போட்டால் கண்ணை உருட்டுவாள். சரியாகப் போட்டால் மூடித் திறப்பாள். பேச்சு ஓரெழுத்து ஈரெழுத்தாகச் சுருங்கிவிட்டிருந்தது. சின்னவளும் முணுமுணுத்துக்கொண்டே போல்ட்டுகளை மண்ணெண்ணெயில் கழுவிக் கொடுத்தாள்.

லேத்காரர் தந்த பிஸ்டனைப் போட்டு எல்லாவற்றையும் பொருத்திய பிறகும் வண்டி கிளம்பவில்லை. சலூன்காரர் உதைத்தார், உதைத்தார், கால் மரத்துப்போகும் வரை உதைத்தார். கட்டிலிலிருந்து "கா... கா..." என்று குரல் வந்தது.

"காத்து? காத்து பத்தலையா?"

கண்ணை உருட்டினாள்.

"கார்புரேட்டரா?"

"கா..." இன்னும் அவசரமாக.

கார்புரேட்டர்தான் என்று முடிவுகட்டி, அதைக் கழற்றிக் கடைசித் திருகுவரை பிரித்துப் பரப்பினார். அவள் உறுமினாள். அவர் அதை உற்சாகம் என்று எடுத்துக்கொண்டு இன்னும் வேகமாகச் செய்தார். சின்னவள் வந்து பார்த்துவிட்டு, அக்காவின் காதோரம் கையை வைத்துச் சொறிந்துவிட்டாள். நர்சம்மா "ஆ..." என்று சொக்கிப்போய்க் கண்ணை மூடினாள்.

"காது அரிக்குதுன்னு இவ்வளவு நேரமாக் கத்திக்கிட்டிருக்கா. நீங்க வண்டியோட குடலை உருவிட்டு உக்காந்திருக்கீங்க!"

மூன்று பேரும் சிரித்தார்கள். நர்சம்மாவின் சிரிப்பு இருமலாக மாறிப் பயமுறுத்திவிட்டு அடங்கியது. ஆனால் பிரித்தது வீண் போகவில்லை. பெட்ரோல் போகிற பொடித்துளை மெய்யாகவே அடைத்துக் கிடந்தது. நூல்கம்பியால் குத்திச் சுத்தம் செய்து மாட்டி உதைத்ததும், எஞ்சின் ஒரு முறை இருமி, ஒரு முறை வெடித்து, பிறகு கடகடவென்று பிடித்துக்கொண்டது. வீடே புகையாகிவிட்டது. சின்னவள் ஜன்னல்களைத் திறக்க ஓடினாள். நர்சம்மா கண்ணை மூடவே இல்லை.

இனி அவளை எங்கே உட்காரவைப்பது? பின்சீட்டில் உட்கார உடம்பில் பலமில்லை. கழுத்தும் நிற்கவில்லை. பக்கத்தில் இன்னொரு சக்கரம் வைத்துச் சைடுகார் கட்டுவது என்று முடிவானது. லேத்காரர் இரும்புக்குழாயில் சட்டம் பற்றவைத்துக் கொடுத்தார். ஆனால் என்ன சீட்டு வைத்தாலும் அவள் தலை பொம்மைத் தலையாகத் தொங்கியது. சலூன்காரர் கடைக்குப் போய், தன் இரண்டு சலூன் நாற்காலிகளில் நல்லதைத் தரையிலிருந்து போல்ட் கழற்றி எடுத்துவந்தார். சாய்க்கலாம், நிமிர்த்தலாம், தலைக்கு ஏற்றியிறக்கும் மெத்தைத் தாங்கி உண்டு. கத்தி தீட்டும் தோல்வாரை நெற்றிக்குப் பட்டையாகத் தைத்தார். உட்காரவைத்துப் பார்த்தபோது நர்சம்மா மகாராணி மாதிரி நிமிர்ந்து இருந்தாள்.

"ஷேவிங்கா, கட்டிங்கா?" என்றார் சலூன்காரர். அவள் கண்ணை உருட்டினாள்.

அவர் ஓட்டப் பழகியதுதான் கொடுமை. சந்தை இல்லாத நாட்களில் சந்தைத் திடலுக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு போய், நாற்காலியில் மணல் மூட்டையைக் கட்டிவைத்துப் பழகினார். ஆக்சிலேட்டரைத் திருகினால் வண்டி ஒருபக்கம் இழுத்தது, பிரேக் போட்டால் மறுபக்கம் திரும்பியது. ஒரு வளைவில் பக்கச்சக்கரம் அந்தரத்தில் தூக்கி, மூட்டை கட்டு அறுந்து பறந்து போய்க் கிழிந்தது. கொட்டிக் கிடந்த மணலைப் பார்த்தபடி அங்கேயே உட்கார்ந்துவிட்டார். அதில் அவளைப் பார்த்தார்.

"போதும் அத்தான்" என்றாள் சின்னவள், அவர் வீட்டுக்குத் திரும்பியதும். "வண்டி ஓடுது, அவ சத்தத்தைக் கேட்டுட்டா, சந்தோஷப்பட்டுட்டா. இத்தோட விடுங்க. குலுங்கினா மூச்சு நின்னுடும்னு டாக்டர் சொல்லியிருக்காரு. அவளை நீங்களே கொல்லப்போறீங்களா?"

அவருக்கும் அதே பயம்தான். இரவெல்லாம் மூச்சுக்குத் திணறுகிறவள், படுத்தால் தூக்கமில்லாதவள். நாற்காலியைத் திரும்பக் கழற்றிவிடலாம் என்று ஸ்பானரை எடுத்தார். நர்சம்மாவிடமிருந்து சத்தம் வந்தது. சொல் இல்லை, வெறும் சத்தம்.

சின்னவள் குனிந்தாள். "அக்கா, செத்துப்போயிடுவேக்கா."

நர்சம்மா கண்ணை ஒருமுறை மூடித் திறந்தாள். தெரியும் என்று அர்த்தம்.

"அப்படியும் போகணுமா?"

மறுபடி மூடித் திறந்தாள். சின்னவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குப் போனாள். பிறகு ஒரு போர்வையோடு திரும்பி வந்து, அக்காவை அதில் சுற்றினாள்.

காலையில் கிளம்பினார்கள். முன்னால் சலூன்காரரும் நர்சம்மாவும், பின்னால் ஸ்கூட்டரில் சின்னவள். முதல் கியரிலேயே, நடந்து போகிறவர்கள் முந்திக்கொண்டு போகும் வேகத்தில், வேர்த்து வழிந்தபடி ஓட்டினார். திடீரென்று அவள் சத்தம் போட்டாள். பதறிப்போய் நிறுத்தினார்.

"என்னம்மா? அடைக்குதா? திரும்பிடலாமா?"

அவள் கண்ணை உருட்டி, கியர் இருந்த பக்கம் பார்த்தாள். ஒன்று புரிந்தது: அவளுக்குப் பொறுமை போய்விட்டது. இரண்டாவது கியர் போட்டார். பிறகு, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு, மூன்றாவது. காற்று வந்தது. அவள் தலைமுடி பின்னால் பறந்தது.

ஊருக்கு வெளியே சாலை மேடேறும் இடத்தில் எஞ்சின் சூடேறி நின்றது. சலூன்காரர் இறங்கி உதைத்தார். கிளம்பவில்லை. வண்டியைக் கெஞ்சினார், திட்டினார், மறுபடி உதைத்தார். கிக்கர் திருப்பியடித்துக் கணுக்காலில் ரத்தம் வந்தது. "இங்கயா, இங்கயா கழுத்தறுக்கணும்?" என்று அழுகை வெடிக்க, நாற்காலியின் பக்கம் திரும்பினார்.

நர்சம்மாவின் கண் மூடியிருந்தது.

அவருக்கு உலகமே நின்றுவிட்டது. விரலை அவள் மூக்கருகே கொண்டுபோனார். முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு மெல்லிசாக, சூடாக, சீராக மூச்சு வந்தது. நிமிர்ந்த நாற்காலியில், முகத்தில் காற்றுப்பட, அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். இத்தனை வாரங்களில் திணறாமல் அவள் தூங்கி அவர் பார்த்ததில்லை.

சின்னவளின் ஸ்கூட்டர் சத்தம் கேட்டதும், சாலையின் நடுவில் ஓடி இரண்டு கைகளையும் ஆட்டி நிறுத்தச் சொன்னார். அவள் எஞ்சினை அணைத்துவிட்டு, முகம் வெளிற, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடிவந்தாள்.

"தூங்குறா" என்றார் கிசுகிசுப்பாக.

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. சலூன்காரர் சட்டையைக் கழற்றி இரண்டு கைகளாலும் விரித்துப் பிடித்து, அவள் முகத்துக்கு நிழல் விழும்படி நின்றார். எதிரே வந்த லாரிக்காரர், "என்ன, வண்டி மக்கர் பண்ணுதா? தள்ளிவிடவா?" என்று சத்தமாகக் கேட்டார். இருவரும் ஒரே நேரத்தில் "உஸ்" என்றார்கள்.

மழைக்காலம் தொடங்கும்வரை நர்சம்மா இருந்தாள். அதற்குள் இன்னும் சில முறை போனார்கள், கொஞ்சம் தூரம், கொஞ்சம் வேகமாக. ஆனால் அந்த முதல் நாள், மேட்டுச் சாலையில், கை கடுத்துப்போய், சலூன்காரர் சின்னவளிடம் சட்டையின் ஒரு முனையைக் கொடுத்துப் பிடிக்கச் சொன்னபோது, அவள் மெதுவாகக் கேட்டாள்:

"எழுப்பிடலாமா அத்தான்?"

"வேணாம்" என்றார் சலூன்காரர். "கொஞ்சம் இருக்கட்டும்."