விற்பவன் எடுத்த சாம்பிள்

போடி கடைவீதியில் ஏலக்காய் வியாபாரி எபனேசர் யாரையும் நம்ப மாட்டார். மூட்டையின் மேலே பெரிய காய்களைப் பரப்பி வைத்திருந்தால், சிரித்துக்கொண்டே முழங்கைவரை கையை விட்டு அடிக்காயைத்தான் அள்ளுவார். அப்பேர்ப்பட்டவர் ஒரு வண்ணக் காகிதத்தில் கவிழ்ந்தார் என்றால், பக்கத்துக் கடைக்காரன் எனக்கு வேலை ஓடுமா?

கொண்டுவந்தவன் விஜய்ராஜ், எபனேசரின் கொழுந்தியா மகன். தேனியில் கம்ப்யூட்டர் கம்பெனி வைத்திருக்கிறான்.

"பெரியப்பா, ஒங்க பில்லுப் போடுற சர்வர்ல ஓடுற லினக்ஸ விட எங்க சிஸ்டம் மூணு மடங்கு வேகம். டெஸ்ட் ரிப்போர்ட்டப் பாருங்க."

சர்வரைப் பார்த்துக்கொள்ள ஆளும் அவனே அனுப்புவானாம். அப்புறம் இப்போது சர்வருக்கு முன்னால் நாற்காலியில் இருக்கும் எபனேசரின் மகள் ஷீபாவுக்குக் கடையில் என்ன வேலை?

"அண்ணே, டெஸ்ட் எடுத்தது யாரு?" என்றாள் ஷீபா.

"எங்க கம்பெனிதான்."

"எந்த மெஷின்ல?"

"எங்களது புது மெஷின்ல. லினக்ஸ்... ஒரு பழசுல."

"நல்லாருக்கு. ஒங்க மாட்டுக்கு வெறும் வண்டி, எங்க மாட்டுக்கு மூட்டையேத்தின வண்டியாக்கும்!"

அவளும் தான் எடுத்த டெஸ்ட் என்று ஒரு காகிதத்தை நீட்டினாள். அதில் லினக்ஸ்தான் வேகம். எபனேசர் தொடக்கூட இல்லை.

"நீயும் விக்கிறவதான ஆத்தா. ஒன் நாற்காலிய விக்கிற."

கடைசியில் வியாபாரப் புத்தி வந்தது. ஒரே மெஷின், போன ஏலத்தன்று போட்ட பில்கள் மொத்தமும், இரண்டு சிஸ்டத்தையும் மாற்றி மாற்றி ஓட்டுவது. பட்டனை அமுக்குவது எபனேசர். ஒத்தாசைக்கு என்று நானும் உள்ளே நுழைந்துவிட்டேன்.

முதல் ஓட்டத்தில் விஜய்ராஜின் சிஸ்டம் ஒரு இம்மி முந்தியது. ஷீபாவின் முகம் சுண்டிப்போனது.

"இன்னொருக்கா ஓட்டுங்கப்பா."

"தோத்தா திரும்ப ஓட்டச் சொல்லுவியா?" என்றான் விஜய்ராஜ்.

"செயிச்சிருந்தாலும் சொல்லிருப்பேன்."

இதை நான் நம்பவில்லை. ஆனாலும் ஓட்டினார்கள். இம்முறை லினக்ஸ் இம்மி முந்தியது. அடுத்து அது, அடுத்து இது. சலித்துப்போய் எபனேசர் கையை உதறினார்.

"ரெண்டும் ஒரே காய்தான்டா. இதுக்கு எதுக்கு நான் மூட்டைய மாத்தணும்?"

விஜய்ராஜ் இன்னும் சர்வருக்கு முன்னால் ஷீபாவின் நாற்காலியில் உட்கார்ந்தே இருந்தான். ஷீபா பக்கத்தில் போய் நின்றாள்.

"அண்ணே, கொஞ்சம் எந்திரிக்கிறீகளா? பில்லுப் போடணும்."