அலை இல்லாத பயணம்

கடற்கரைச் சாலையில் வரிசையாக நிற்கும் சுற்றுலா வேன்களில் எங்களுடையதுதான் கடைசி. ஆனாலும் எங்கள் பக்கத்தில் எந்நேரமும் கூட்டம் இருக்கும். பக்கத்தில் இருந்தது பொதுக் கழிப்பறை.

வேன் என் சித்தியுடையது. ஓட்டுவதும் சித்திதான். கல்லூரி விடுமுறைக்கு வந்திருந்த என்னை வழிகாட்டியாக நியமித்திருந்தாள். எனக்கு அந்த ஊரில் ஒரு வழியும் தெரியாது. தொண்டை மட்டும் பெரிது. வண்டியருகே நின்று கத்துவதற்கு வழி தெரிய வேண்டியதில்லை என்பது சித்தியின் கருத்து.

கத்தினேன். எல்லோரும் கத்துவதையேதான் நானும் கத்தினேன்: கலங்கரை விளக்கம், சங்குக் கடை, படகுத்துறை. முன்னால் நின்ற வேன்கள் நிரம்பின, கிளம்பின, திரும்பி வந்து மறுபடி நிரம்பின. எங்களிடம் வந்தவர்கள் சில்லறை இருக்கிறதா என்று கேட்டுவிட்டு அவசரமாகப் பக்கத்துக் கட்டடத்துக்குள் போனார்கள்.

வேன் வாங்குவதற்கு முன் சித்தி ஒரு பெரிய ஹோட்டலின் சலவைப் பிரிவில் இருந்தாள். படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடும் வேலை. "ஊரே படுத்துத் தூங்குது, நான் நின்னுக்கிட்டே அதைத் தேய்க்கிறேன்" என்று ஒருநாள் சொன்னவள், வேலையை விட்டுவிட்டு இந்தப் பழைய வேனை வாங்கினாள். இப்போது சலவைப் பிரிவு மேலாளர் அவளைத் திரும்பக் கூப்பிட்டிருந்தார். இன்று மாலைக்குள் பதில் வேண்டுமாம். சரி என்றால் வேனை விற்றுவிட்டு மறுபடி இஸ்திரி மேசை. சித்தப்பா காலையிலேயே, "சரின்னு சொல்லிடேன்" என்றார். சட்னியில் உப்பு குறைவு என்பதையும் அவர் அதே குரலில்தான் சொல்வார்.

"இன்னிக்கு ஒரு வண்டி ஆள் ஏறினா போதும்டா. அப்புறம் எவன் கூப்பிட்டாலும் போகமாட்டேன்" என்றாள் சித்தி. மதியம் நெருங்கியும் ஏறியது ஒரு பூனை மட்டுமே. அதுவும் மறுபக்கக் கதவு வழியாக இறங்கிவிட்டது.

வண்டியின் பக்கவாட்டு ஜன்னலில் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தோம். மஞ்சள் பட்டையில் சிவப்பு எழுத்து. முதல் கண்ணாடியில் 'அலைச்சல்', அடுத்த கண்ணாடியில் 'இல்லாத பயணம்'. உட்கார்ந்தபடியே ஊர் பார்க்கலாம் என்று அர்த்தம். அன்று ஏசி உயிரை விட்டிருந்ததால், காற்றுக்காகச் சித்தி இரண்டாவது கண்ணாடியை முன்னால் தள்ளித் திறந்து வைத்தாள். அது நகர்ந்துபோய் 'ச்சல்' மேல் உட்கார்ந்துகொண்டது. நான் வண்டிக்கு முதுகைக் காட்டிக் கத்திக்கொண்டிருந்தேன். பார்க்கவில்லை.

"மாப்பிள்ளை, இங்க பாருங்க" என்றது ஒரு குரல்.

கழுத்தில் ஈரத்துண்டு, கையில் எலுமிச்சம்பழம், பாசி நிறத்தில் முகம். ஓர் அம்மாள் ஜன்னலைத் தீர்ப்பு வாசிப்பதுபோல் வாசித்தார்: "அலை... இல்லாத பயணம்."

அவருக்குப் பின்னால் மகளும் மருமகனும். மருமகன் பல் டாக்டர் என்பது அம்மாளின் அடுத்த பேச்சிலேயே தெரிந்தது.

"அத்தை, கடலுக்கு வந்துட்டு யாராவது..."

"நான் எங்க வந்தேன்? நீங்க கூட்டிட்டு வந்தீங்க. உங்ககிட்ட வர்றவங்க வாயைத் திறக்கவே பயப்படுவாங்க. உங்க படகுல ஏறினதுலேருந்து எனக்கு வாயை மூட முடியல."

"அம்மா, ரோட்டுல வெச்சு..." என்றாள் மகள்.

"ரோட்டுல நல்லாத்தான் இருக்கேன். ரோடு ஆடல." அம்மாள் சித்தியிடம் திரும்பினார். "ஏம்மா, நெசமாவே அலை இருக்காதா?"

நான் ஜன்னலைப் பார்த்தேன். விஷயம் புரிந்தது. கண்ணாடியை இழுக்கக் கை நீட்டினேன். சித்தி என் காலை மிதித்தாள்.

"ஒரு அலைகூட இருக்காதும்மா."

"எங்க கூட்டிட்டுப் போவீங்க?" என்றார் டாக்டர்.

சித்தி கடலுக்கு எதிர்ப்பக்கம் கை காட்டினாள். "உள்ள."

உள்ளே போவது என்றால் நம் மொழியில் இரண்டு அர்த்தம். டாக்டருக்கு இரண்டாவதுதான் தோன்றியிருக்க வேண்டும். ஆனால் அதற்குள் அம்மாள் ஏறி உட்கார்ந்து, எலுமிச்சம்பழத்தைப் பைக்குள் போட்டுவிட்டார்.

வண்டி கடலுக்கு முதுகைத் திருப்பியது. "எங்க சித்தி போறோம்?" என்று கிசுகிசுத்தேன்.

"எனக்கு உள்ள தெரிஞ்சது ஒரே இடம்தான். பேசாம வா."

ரப்பர் மிதவைக் கடைகள் குறைந்தன. பிறகு கடைகளே குறைந்தன. ஒரு செங்கல் சூளை, ஒரு கால்வாய், கால்வாயில் ஸ்கூட்டரைக் குளிப்பாட்டும் ஒருவர். வழிகாட்டி என்ற முறையில் நான் எழுந்து நின்றேன். "இடது பக்கம் பார்த்தீங்கன்னா... மரம். வலது பக்கம் பார்த்தீங்கன்னா..."

"மரம்தான். கண்ணு தெரியுது தம்பி. உட்காரு."

உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் கழித்து, "இப்பத்தான் நல்லா வழி காட்டுற" என்றார்.

ஒரு சின்ன ஊரில் டீ குடிக்க நிறுத்தினோம். ஒரு தையல் கடை, ஒரு கடிகாரக் கடை, நடுவில் டீக்கடை. கடைக்காரர் எங்களைப் பார்த்து, "வழி தவறிட்டீங்களா?" என்றார்.

"இல்ல, சுத்திப் பார்க்க வந்தோம்" என்றேன்.

"எதை?"

அவரும் வெளியே வந்து தன் தெருவை இரண்டு பக்கமும் பார்த்தார். எதுவும் புதிதாக முளைத்திருக்கவில்லை. ஆனாலும் உள்ளே போய் ஒரு பெஞ்சைத் துடைத்து நிழலில் போட்டார். தையல் இயந்திரச் சத்தத்தைத் தவிர வேறு சத்தம் இல்லை. அம்மாள் டீயை முழுதாகக் குடித்தார். மகள் தம்ளரை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ரெண்டு நாளா தண்ணிகூட நிக்கல இவங்களுக்கு" என்று என்னிடம் சொன்னாள்.

ஒரு மேடு ஏறினோம். மேட்டின் உச்சியில் சித்தி பிரேக்கை மிதித்தாள்.

கீழே ஒரு பெரிய மைதானம். ஹோட்டலின் விரிப்புகளைக் காயப்போடும் இடம் அது. கடற்காற்றில் துணி முறுமுறுவென்று காயாது, உப்புப் பிசுபிசுப்பு ஒட்டும். அதனால் சலவை லாரி இவ்வளவு தூரம் வந்துபோகும். சித்தியும் எத்தனையோ முறை அதில் வந்திருக்கிறாள். நிழல், அமைதி, திறந்த வெளி என்று நினைத்தவள், காற்றை மறந்துவிட்டாள்.

வரிசை வரிசையாக வெள்ளை விரிப்புகள். எல்லாம் ஒன்றாக எழும்பின, ஒன்றாக விழுந்தன, மறுபடி எழும்பின.

"அத்தை! அலை!" என்றார் டாக்டர். சொத்தைப்பல்லைக் கண்டுபிடித்த மகிழ்ச்சி அவர் குரலில் இருந்தது.

"போச்சுடா" என்றாள் சித்தி, ஸ்டீயரிங்கிடம்.

அம்மாள் இறங்கினார். நேராக விரிப்புகளுக்கு நடுவே நடந்தார். ஒன்று எழும்பி வந்து அவர் முகத்தில் மோதியது. அவர் அதைப் பிடித்து மோந்து பார்த்தார்.

"என்ன வாசனை இது?"

"வெயிலும்மா" என்றாள் சித்தி.

அம்மாள் கவிழ்த்து வைத்த துணிக்கூடை ஒன்றின்மேல் உட்கார்ந்தார். "அலைதான். ஆனா தண்ணி இல்ல. இது என்னை ஒண்ணும் பண்ணாது." சொல்லிவிட்டுத் துணிக்கொடி கட்டிய கம்பத்தில் சாய்ந்து கண்ணை மூடினார்.

மகள் ஒரு விரிப்பின் மூலையைத் திருப்பினாள். "ஏங்க, இது நம்ம ஹோட்டல் முத்திரை!"

"ராத்திரி படுத்ததைப் பார்க்கவா இவ்வளவு தூரம் வந்தோம்?" என்றார் டாக்டர்.

அம்மாள் ஒரு கண்ணைத் திறந்தார். "ராத்திரி அதுல படுத்தது நீங்க மாப்பிள்ளை. நான் விடிய விடிய கடல் சத்தம் கேட்டுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். இப்ப என் முறை."

குறட்டை வந்தது. டாக்டர் மெதுவாகப் புல்லில் உட்கார்ந்தார். மனைவி பக்கத்தில் உட்கார்ந்தாள். சிறிது நேரத்தில் அவரும் கைபேசியை அணைத்துவிட்டு மல்லாந்தார். கடலைப் பார்க்க வந்து ஒருவர் இவ்வளவு சந்தோஷமாக வானத்தைப் பார்த்து நான் பார்த்ததில்லை.

வெயில் சாயும்போது அம்மாள் எழுந்தார். முகத்திலிருந்த பாசி போயிருந்தது. "நாளைக்கு எங்க?" என்றார்.

"நாளைக்கா?" என்றாள் சித்தி.

"பின்ன? கிளம்ப இன்னும் நாள் இருக்கே. எங்க மாடியில இன்னும் நாலஞ்சு பேர் துண்டும் எலுமிச்சம்பழமுமா உட்கார்ந்திருக்காங்க. அவங்களும் அவங்கவங்க மாப்பிள்ளை கூட்டிட்டு வந்தவங்கதான்."

அப்போதுதான் சித்தியின் கைபேசி அடித்தது. மேலாளர்.

"ஆமா சார். யோசிச்சேன் சார். நாளைக்கு வர்றேன்" என்றாள். நான் வேனைத் திரும்பிப் பார்த்தேன். "வேலைக்கு இல்ல சார். வேன்ல. காயப்போடுற இடத்துக்கு. ஆமா, ஆளுங்களோடதான். ஓரமா உட்கார்ந்துட்டுப் போயிடுவாங்க சார், துணியைத் தொடமாட்டாங்க. உங்க ஹோட்டல் ஆளுங்கதான் சார்."

நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு என்னைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினாள். "ரெண்டு நாற்காலி அனுப்புறாராம்" என்றாள்.

இருட்டுவதற்குள் கடற்கரைக்குத் திரும்பினோம். அதே கடைசி இடம், அதே கட்டடம். நான் ஜன்னலை இழுத்து மூடினேன். முழு வார்த்தையும் வெளியே வந்தது.

"மூடினா சரியாயிடுமாடா? பிளேடு எடு. அந்த 'ச்சல்'லைச் சுரண்டு" என்றாள் சித்தி.

சுரண்டினேன். எழுத்துகள் லேசில் வரவில்லை. வந்தபோது மொத்தமாக வந்து என் சட்டையில் ஒட்டிக்கொண்டன. அந்த நேரம் பார்த்துச் சில்லறை கேட்டு ஒருவர் வந்தார். என் நெஞ்சைப் படித்தார்.

"ச்சல்னா என்ன தம்பி?"

"கழிவு சார். இன்னியோட கழிச்சாச்சு" என்றேன். "நாளைக்குக் காலைல வாங்க, உள்ள கூட்டிட்டுப் போறோம்."

அவர் கட்டடத்தைப் பார்த்தார். "எனக்கு இப்பவே போகணும்" என்றார்.