வெளிச்சத்தை எந்தப் பக்கம் நின்று பார்ப்பது

1

இந்தக் கதை ஒரு கட்டுரையாக இருந்திருக்க வேண்டியது. ஒரு தமிழ் மாத இதழ் அறிவியல் பக்கத்துக்குக் கேட்டது. பம்பாய்ச் செம்பூரில் உட்கார்ந்து மொழிபெயர்த்துப் பிழைக்கிற நான், ஆசை யாரை விட்டது, ஒப்புக்கொண்டேன். விளக்கம் சொல்ல வாய்த்தவள் ரீனா. தாராவிக்காரி, பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம், ஆராய்ச்சி மாணவி. 'இடவியல் மின்காப்பான்' என்று நான் மூச்சைப் பிடித்து எழுதி வைத்திருந்ததைப் பார்த்துச் சிரித்துவிட்டாள்.

"அந்தப் பேரெல்லாம் விடுங்கக்கா. அது ஒரு மாதிரிப் படிகம். உள்ள கரண்ட் போவாது, மேல்தோல்ல மட்டும் ஓடும். அங்க ஓடுத ஒவ்வொரு எலக்ட்ரானுக்கும் ஒரு சுழற்சி உண்டு. இந்தப் பக்கம் ஓடுனா ஒரு மாதிரி, அந்தப் பக்கம் ஓடுனா நேர் எதிர். நாங்க அதுமேல வெளிச்சத்த முறுக்கி அடிக்கோம். கண்ணச் சிமிட்டுத நேரமே அதுக்கு ஒரு யுகம், அவ்வளவு சின்ன அடி. வலமா முறுக்குனா கரண்ட் ஒரு பக்கம். இடமா முறுக்குனா மறுபக்கம். அவ்வளவுதான்."

எழுதிக்கொண்டே கேட்டேன். "வலம்னா, யாரு நின்னு பாக்கும்போது வலம்? லேசர் பக்கத்துலேர்ந்தா, வெளிச்சம் விழற பக்கத்துலேர்ந்தா?"

வாசகருக்கு வரும் சந்தேகம் என்றுதான் கேட்டேன். ரீனாவின் முகம் வெளுத்துவிட்டது. கட்டுரை அன்றைக்கே செத்தது.

2

தொடக்கம், முதல் முயற்சி: 'மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு ஜூலை மாலையில் ரீனா மாட்டுங்கா ஸ்டேஷனில்' — வேண்டாம். பம்பாய்க் கதை என்றால் மழையில்தான் தொடங்க வேண்டும் என்று எவன் சொன்னான்?

இரண்டாம் முயற்சி: ரீனாவும் கௌசிக்கும் ஒரே லேசர் மேசையில் முறைவைத்து வேலை பார்த்தார்கள். கௌசிக் மாட்டுங்காப் பையன்; பாலக்காட்டுக் குடும்பம், அதிர்ந்து பேசாதவன். அவன் டப்பாவில் வரும் மோர்க்கூட்டானில் பாதி ரீனாவுக்குத்தான் போகும். (காதலா என்று கேட்காதீர்கள். நான் கேட்டேன். பேச்சை மோர்க்கூட்டானுக்கே திருப்பிவிட்டாள்.)

நான் அந்தக் கேள்வியைக் கேட்பதற்கு முன்பே, ஒரு வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் இருவருடைய வரைபடங்களும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் விழுந்தன. அவளுடையதில் கோடு மேலே ஏறிய இடத்தில் அவனுடையதில் கீழே இறங்கியது. கோட்பாட்டோடு பொருந்தியது அவனுடையதுதான். ரீனாவுக்கு வாய் முந்திக்கொண்டது.

"தியரிக்கு ஒத்து வரணும்னு ப்ளஸ்ஸ மைனஸா மாத்திப் போட்டிருக்கான் மேடம்."

ஆராய்ச்சி செய்கிறவனைப் பார்த்துச் சொல்ல இதைவிடக் கெட்ட வார்த்தை கிடையாது. கௌசிக் பதில் பேசவில்லை. "மறுபடியும் அளந்து பார்த்துடலாமே" என்றார் வழிகாட்டி சாருலதா மேடம். மறுபடி அளக்க அவன் வரவில்லை. இப்போது ஐரோலியில் ஏதோ ஒரு ஐடி கம்பெனியில் இருக்கிறான்.

[அடிக்குறிப்பு, கீழே இடமில்லாததால் இங்கேயே: முறுக்கிய ஒளியை வலம், இடம் என்று பிரிக்க இரண்டு வழக்கங்கள் உண்டு. ஒளி புறப்படும் இடத்தில் நின்று பார்ப்பது ஒன்று. வந்து விழும் இடத்தில் நின்று பார்ப்பது இன்னொன்று. புத்தகத்துக்குப் புத்தகம் மாறும். ஒருவருடைய வலம் மற்றவருக்கு இடம். ரீனா லேசரின் பக்கம் நின்றாள், கௌசிக் படிகத்தின் பக்கம். இரண்டு பேரும் அளந்தது சரிதான். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் டீ ஆறுவதற்குள் தீர்ந்திருக்கும்.]

3

எனக்குக் கௌசிக் மேல்தான் சந்தேகம். கணக்கைத் திருத்திய திருடன் என்று சொன்னால் எவனாவது வாயை மூடிக்கொண்டு போவானா? வாசகர் நம்பமாட்டார். அதனால் முதல் வரைவில் அவனை மேசையைத் தட்டிக் கத்தவைத்தேன். ரீனா படிக்கச் சொல்லிக் கேட்டாள். அவளுக்குத் தமிழ் வாசிக்க அவ்வளவாக வராது.

"அவன் அப்படியாப்பட்ட ஆளு இல்லக்கா. வேற யாரு சொல்லிருந்தாலும் சண்ட போட்டிருப்பான். நான் சொன்னேன்லா, அதான் அவனுக்கு..."

அவள் முடிக்கவில்லை. நானும் முடித்துவைக்கப் போவதில்லை.

'மேல்தோலில் ஓடும் எலக்ட்ரான் வழியில் மேடுபள்ளம் வந்தாலும் திரும்பாது. திரும்ப வேண்டுமானால் தன் சுழற்சியையே மாற்றிக்கொள்ள வேண்டும். ரீனாவும்' — அடித்துவிட்டேன். அறிவியல் சரிதான். ஆனால் அழைக்காமலே வந்து கதையில் சம்மணம் போட்டு உட்காருகிறது. அப்படி வருவதை நம்பக்கூடாது.

4

என் கேள்விக்குப் பிறகு குறிப்பேடுகளைப் புரட்டிப் பார்த்த ரீனா, மேடத்திடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

"எந்தப் பக்கம்னு கேட்காம விட்டது என் தப்பும்தான்மா," என்றார் மேடம். "இந்த செமஸ்டர் முடியறவரைக்கும் அவன் இடம் இருக்கு. அதுக்கப்புறம் என் கையில இல்லை. நீயே நேர்ல போய்ச் சொல்லு."

சனிக்கிழமை மாட்டுங்காவுக்குப் போனாள். கதவைத் திறந்தவர் கௌசிக்கின் அம்மா பாகீரதி.

"வாம்மா, உக்காரு. இப்போ வந்துடுவான். காபி கலக்கறேன்."

தம்ளரைக் கையில் கொடுத்துவிட்டுப் பாகீரதி எதிரே உட்கார்ந்தார். "அந்த லேப்னா அவனுக்குப் பிராணன். என்ன பண்றது, லேசர் வெளிச்சம் கண்ணுக்கு ஒத்துக்கலைன்னு விட்டுட்டான். டாக்டர்கிட்ட வாடான்னா வரமாட்டேங்கறான்."

ரீனாவுக்கு அப்போதுதான் புரிந்தது. அவள் பெயரை அவன் வீட்டில் சொல்லவே இல்லை. பழியைத் தூக்கித் தன் கண்மேல் போட்டுக்கொண்டிருக்கிறான்.

"நீயும் அங்கதானே இருக்கே?" என்றார் பாகீரதி. "உன் கண்ணு நன்னா இருக்கோ?"

"இருக்கு ஆண்டி," என்றாள் ரீனா. அவளுக்கு அங்கேயே அழ வேண்டும்போல் இருந்தது.

5

முடிவுகள். அம்மா முன்னாலேயே சொல்லிவிடலாம்; அவன் இடம் திரும்பக் கிடைக்கும், ஆனால் பிள்ளையைத் திருடன் என்றவளுக்கா காபி கொடுத்தோம் என்று அந்த அம்மாள் இடிந்து உட்கார்ந்துவிடுவார். சொல்லாமலே எழுந்து வரலாம், செமஸ்டர் முடிந்துவிடும். மூன்றாவதை நான் ஆசை ஆசையாக எழுதினேன்: மாடிப்படியில் இரண்டு பேரும் நின்று பேசுகிறார்கள், கௌசிக் சிரித்துவிடுகிறான், "எந்தப் பக்கம்னு கேட்கக்கூட உனக்குத் தோணலையா?" என்கிறான், திங்கட்கிழமை வருவதாகச் சொல்கிறான்.

அதை ரீனாவுக்கு வாசித்துக் காட்டினேன். 

"நல்லாருக்குக்கா. இப்படியே நடந்திருக்கலாம்."

அதற்குமேல் நான் கேட்கவில்லை. அதனால் கதையை ஒரு நிமிஷம் முன்னாலேயே நிறுத்துகிறேன். அழைப்பு மணி அடிக்கிறது. பாகீரதி அடுக்களையிலிருந்து குரல் கொடுக்கிறார்: "கை ஈரமா இருக்கு, நீயே திறந்துடேன்மா." ரீனா தம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்திருக்கிறாள்.

என்னால் அவளைக் கதவுவரை கூட்டிப்போக முடியவில்லை. உங்களால் முடிந்தால் திறந்துவிடுங்கள்.