பின்மண்டைப் பள்ளம்

மனிதத் தலையை வரைவது லேசுப்பட்ட காரியமில்லை. கண், மூக்கு என்று ஆசையாக ஆரம்பித்தால் முகம் தட்டு மாதிரித் தட்டையாகத்தான் வரும். முதலில் ஓர் உருண்டை போட்டு, அதன் இரண்டு பக்கத்தையும் சீவிவிட்டு, கீழே தாடையைப் பொருத்த வேண்டும். மற்றதெல்லாம் அப்புறம்தான். மாலை வகுப்பு ஓவிய வாத்தியார் இதைச் சொல்லிச் சொல்லியே தொண்டை வறண்டுபோனார்.

இன்ஷூரன்ஸ் ஆபீஸில் வேலை பார்க்கும் அவளுக்கு இரண்டாம் மாதம்தான் அந்த உருண்டை பிடிபட்டது. அந்த வாரம் பார்த்துத்தானா வாத்தியார் உட்கார்ந்து காட்ட ஓர் ஆளைக் கூட்டிவர வேண்டும்! யாரென்று பார்த்தால், அவளுடைய சொந்த அண்ணன்.

தொழிற்சாலை மூடியதிலிருந்து கிடைத்த வேலைக்கெல்லாம் போய்க்கொண்டிருந்தான். இங்கேயும் வருவான் என்று அவள் கண்டாளா? இந்தப் பக்கம் டாக்டர் வீட்டுப் பெண், அந்தப் பக்கம் என்ஜினீயர். சாயம்போன சட்டைக்காரன் என் அண்ணன் என்றால் என்ன நினைப்பார்கள் என்ற பாழாய்ப்போன நினைப்பு அவளுக்கு. அண்ணன் அவளைப் பார்த்ததும் சிரித்தான். அவள் குனிந்து பென்சில் சீவ ஆரம்பித்துவிட்டாள். அவனுக்குப் புரிந்துவிட்டது, பாவம்.

மூன்று வாரம் இப்படியே ஓடியது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறோம்; இவள் முழு அண்ணனையே மறைத்தாள். வீட்டிலும் அவன் அதைப் பற்றி மூச்சு விடவில்லை. "கழுதை, சாப்பிட்டியா?" என்று எப்போதும்போலத்தான் கேட்டான். பதில் சொல்வதற்குள் அவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது.

நாலாம் வாரம் வாத்தியார் புதிதாக ஒன்று வைத்தார்.

"யாரும் எழுந்து போய்ப் பாக்கக் கூடாது. உக்காந்த எடத்துலேருந்தே இவர் தலையை மனசுக்குள்ள திருப்புங்க. பின்னாலேருந்து பாத்தா எப்படி இருக்கும்? வரைங்க."

அவள் கை தானாக ஓடியது. ஒரு நாளும் அப்படி ஓடியதில்லை. உருண்டை திரும்பியது, காதுகள் திரும்பின, கழுத்து எழும்பி நின்றது. தான் என்ன வரைகிறோம் என்றே அவள் யோசிக்கவில்லை.

வாத்தியார் ஒவ்வொரு தாளாகப் பார்த்துக்கொண்டு வந்தார். எல்லாம் வழவழவென்று முட்டை முட்டையாக இருந்தன. அவளுடைய தாளைப் பார்த்ததும் நின்றுவிட்டார். நேரே அண்ணனின் பின்னால் போய், அவனிடம் கேட்டுவிட்டு, முடியை ஒதுக்கித் தடவினார்.

"அடேயப்பா! எடது காதுக்குப் பின்னால அந்தப் பள்ளம் அப்படியே இருக்கே! முடிக்குள்ள இருக்கறது உனக்கு எப்படிம்மா தெரிஞ்சுது? இவரை முன்னாடியே தெரியுமா?"

தெரியாமல் என்ன? ஏழு வயதில், பொம்மைக்காக நடந்த சண்டையில், இரும்புப் பூட்டைத் தூக்கி எறிந்தவளே அவள்தான். ரத்தம் ஒழுக ஒழுக, "படியில விழுந்துட்டேன்ப்பா" என்று அப்பாவிடம் சொன்னவன் அவன்.

வகுப்பு முழுவதும் அவளையே பார்த்தது. 'எங்கண்ணன்.' ஒரே ஒரு வார்த்தை. அதைச் சொல்லாமல் மறுபடியும் குனிந்து பென்சில் சீவ ஆரம்பித்தாள்.

"நான்தான் சார் சொன்னேன்," என்றான் அண்ணன். "போன வாரம் டீ குடிக்கறப்ப மேடம் விசாரிச்சாங்க. சின்ன வயசுல படியில விழுந்ததுன்னு இவங்ககிட்ட சொன்னேன்."

மேடமாம். இவங்களாம். பிறந்ததிலிருந்து அவளை வாடி போடி என்றே கூப்பிட்ட வாய்! அதற்குப் பதில் எல்லார் முன்னாலும் பளாரென்று ஓர் அறை விட்டிருக்கலாம்.

"அப்படியாம்மா?" என்றார் வாத்தியார்.

"ஆமா சார்," என்றாள் அவள்.

வாத்தியார் படத்தைச் சுவரில் மாட்டினார். எல்லோரும் கைதட்டினார்கள். அண்ணனும் தட்டினான். தங்கை இவ்வளவு நன்றாக வரைகிறாளே என்று நிஜமாகவே சந்தோஷப்பட்டுத் தட்டினான். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.